ஓசனிச்சிட்டும் தேன்கலமும்

அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய பறவை ஓசனிச்சிட்டு. வடகோடியில் அலாஸ்கா முதல் தென்கோடித் தீவுகள் வரை ஏறத்தாழ 360 வகை ஓசனிச்சிட்டுகள் உள்ளன. அவ்விரு கண்டங்களுக்கும் அப்பால் அவை இயற்கையாக வாழ்தல் இல்லை. தமிழகத் தோட்டங்களில் செம்பருத்தியை நாடி வரும் தேன்சிட்டை இதனோடு ஒன்றாகக் கருதுவோர் உளர். இரண்டும் சிறியன, இரண்டும் மலர்த்தேன் உண்பன, எனினும் இனத்தால் வேறுபட்டவை. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையிலோ காம்பிலோ அமர்ந்து அருந்தும். ஓசனிச்சிட்டோ மலரின் முன்னே காற்றில் நின்றபடியே அருந்தும். அப்போது அதன் சிறகுகளில் எழும் முரலோசை பற்றியே ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹம்மிங் பேர்டு’ எனப் பெயர் அமைந்தது.

காற்றில் ஓரிடத்தே நிற்பது எளிய செயல் அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கோடைகாலத்தே குடும்பம் நடத்தும் மாணிக்கக்கழுத்து ஓசனிச்சிட்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். அதன் சிறகுகள் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அடிக்கின்றன. பறக்கும்போது இதயம் நிமிடத்திற்கு 1,000 முறைக்கு மேலும் துடிக்கும். இத்தகைய உடல், திரி பெரிதாகவும் எண்ணெய் சிறிதாகவும் அமைந்த அகல்விளக்கை ஒத்தது. எண்ணெய் இடையறாது வார்க்கப்படல் வேண்டும். ஆதலின் அப்பறவை பகல் முழுவதும் மலர்தோறும் சென்று தேன் பருகுகிறது. இடையிடையே சிறு பூச்சிகளையும் பிடித்து உண்கிறது. குளிர் மிகுந்த இரவுகளில், உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, உயிர் உண்டோ இல்லையோ என ஐயுறும் வண்ணம் ஒடுங்கிக் கிடப்பதும் உண்டு. விடிந்தவுடன் அதற்கு உணவு வேண்டும்.

இப்பறவைக்கு மனிதர் கையால் உணவு அளிக்கும் முயற்சி நூறாண்டுக்கு முற்பட்டது. அயோவா மாநிலத்தில் வாழ்ந்த ஓவியரும் பறவையியல் அறிஞருமான அல்தியா செர்மன் என்னும் அம்மையார், 1907ஆம் ஆண்டு தொடங்கி ஏழு கோடைகள் தம் தோட்டத்தில் சிறு சீசாக்களில் சர்க்கரைநீர் வைத்து ஆராய்ந்தார். முதலில் சீசாவைச் சுற்றிச் செயற்கை மலர் அமைத்தார். பின்னர் மலர் இல்லாத வெறுஞ்சீசாவையும் வைத்துப் பார்த்தார். பறவைகள் அதனையும் கண்டறிந்து பருகின. அவர்தம் கட்டுரை 1913இல் வெளிவந்தது. இன்று இதற்கெனவே செய்த கலங்கள் அந்நாட்டுக் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. அவற்றைத் தேன்கலம் என்று கூறலாம். பெயர்தான் தேன்கலம், அதில் தேன் ஊற்றுதல் மட்டும் ஆகாது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

தேன்கலங்கள் இரு வகைப்படும். ஒன்று, கவிழ்த்த சீசா. அதன் அடியிலுள்ள தட்டின் துளைகள் வழியே பறவை பருகும். சீசாவினுள் நீருக்கு மேலுள்ள காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறைந்திருப்பதால் நீர் கீழே சிந்தாது நிற்கிறது. வெயில் ஏறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளும். சிந்திய இனிப்புநீர் எறும்பையும் குளவியையும் அழைக்கும். மற்றொன்று, மூடியுள்ள தட்டம். மேல்மூடியில் துளைகள் இருக்கும். நீர் அவற்றிற்குச் சற்றுக் கீழே நிற்கும். ஓசனிச்சிட்டின் நீண்ட நாவிற்கு அந்நீர் எட்டும், தேனீக்கு எட்டாது. சிந்துவதும் அரிது. எவ்வகையாயினும் முதலில் நோக்கத்தக்கது அழகன்று. உட்புறம் முழுவதும் கை அல்லது தூரிகை செல்லுமா என்பதே. பூவேலைப்பாடு மிகுந்து, வாய் குறுகிய கலத்தைக் கழுவுதல் அரிது. அதனை வாங்காதிருத்தலே நன்று. கலத்தில் ஓரளவு சிவப்பு நிறம் இருந்தால் பறவைகள் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும்.

இனி, உள்ளே ஊற்றும் நீரைப் பற்றிக் காண்போம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர், இதுவே முறை. ஓசனிச்சிட்டு விரும்பும் மலர்கள் பலவற்றின் தேனும் ஏறத்தாழ இந்த அளவு இனிப்பு உடையது. சுடுநீரில் சர்க்கரையைக் கரைத்து, நன்கு ஆறிய பின் ஊற்றுதல் வேண்டும். தேனீயின் தேனை நீரில் கலந்தால் அது விரைவில் புளிக்கும். பூஞ்சணம் அதில் செழித்து வளரும். பறவைக்கு நோய் வரும். வெல்லம், பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்து இப்பறவைக்குத் தீங்கு செய்யக்கூடும். சர்க்கரை நோயுடையோர் பயன்படுத்தும் செயற்கை இனிப்புகளில் இப்பறவைக்கு வேண்டிய ஆற்றல் இல்லை. அவற்றை அருந்தும் பறவை வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். நீருக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவோரும் உளர். கலம் சிவந்திருக்க நீர் சிவப்பது எதற்கு?

சர்க்கரைநீரைக் கலந்து ஊற்றுவதோடு பணி முடிந்தது என்று எண்ணுவோரே மிகுதி. மலரில் தேன் சிறிது சிறிதாக ஊறும். வாடிய மலர் உதிர, வேறு மலர் அலரும். சீசாவோ உதிர்வதில்லை. மலர் தானே செய்துகொள்ளும் பணியைச் சீசாவிற்கு மனிதர் செய்தல் வேண்டும். கோடை வெயிலில் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறையும், குளிர்ந்த பருவத்தில் ஐந்து நாள்களுக்கு ஒருமுறையேனும் பழைய நீரைக் கொட்டிக் கலத்தைக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். நீர் கலங்கினாலும், நூல்போல் ஏதேனும் மிதந்தாலும், கரும்புள்ளி தோன்றினாலும் நாள் எண்ணிக்கொண்டிருத்தல் ஆகாது. அப்பொழுதே கொட்டிவிடுதல் வேண்டும். சுடுநீரும் தூரிகையும் பெரும்பாலும் போதும். கறை படிந்தால் சிறிது வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்து, பன்முறை அலசுதல் வேண்டும். கலம் நிறைய ஊற்றிப் பாதியைக் கொட்டுவதினும், பறவைகள் பருகும் அளவறிந்து ஊற்றுதல் சிறந்தது. இவ்வாறு பேண ஓய்வில்லாதவர் தேன்கலம் தொங்கவிடாது, சிவந்த குழல்மலர்க் கொடி ஒன்றை நட்டு வளர்த்தல் நன்று. அழுக்கேறிய கலத்தினும் வெறுங்கிளை தீங்கற்றது.

கலத்தை நிழலான இடத்தில் தொங்கவிடல் வேண்டும். கண்ணாடிச் சாளரத்திற்கு அருகே வைப்பின் ஒரு மீட்டருக்குள் மிக நெருங்கி வைக்க வேண்டும். அப்போது பறவை விரைந்து வந்து மோத வழியில்லை. சில மீட்டர் தள்ளி வைத்தலே கேடு. எறும்பைத் தடுக்க, தொங்கும் கம்பியில் நீர் நிறைந்த சிறு கிண்ணம் ஒன்றைக் கோத்துவிடுவர். உணவு அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தும் தமிழ் இல்லங்களுக்கு இது புதிதன்று. கும்பிடுபூச்சி சில வேளை கலத்தின்மேல் பதுங்கியிருந்து இச்சிறு பறவையையே பற்றித் தின்னும். அதனைக் கண்டால் எடுத்து வேறு செடியில் விடுதல் வேண்டும். பூச்சிகொல்லி தெளித்தலோ கூடாது. குஞ்சுகள் வளர்வது பூச்சி உணவாலேயே.

ஆண் சிட்டு ஒன்று கலம் முழுவதையும் தனக்கே உரியதாக்கிக்கொண்டு பிற பறவைகளை விரட்டுதல் உண்டு. 3 கிராம் உடலில் இத்துணைச் சினமா என்று காண்போர் வியப்பர்! ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதவாறு இரண்டு கலங்களை வேறு வேறு இடங்களில் வைத்தால் எல்லாப் பறவைக்கும் உணவு கிடைக்கும்.

இலையுதிர் காலத்தில் மாணிக்கக்கழுத்துச் சிட்டுகள் மெக்சிகோவிற்கும் நடு அமெரிக்காவிற்கும் வலசை போகின்றன. அவற்றுள் பல, மெக்சிகோ வளைகுடாவின்மேல் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவை இடையில் தங்காமல் கடக்கின்றன. அதற்கெனத் தம் எடையை ஏறத்தாழ இருமடங்காகப் பெருக்கிக்கொள்ளும். கலத்தை எடுக்காவிடில் பறவைகள் பயணத்தை மறந்து குளிரில் மடியும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டியதில்லை, பகற்பொழுது குறைவதை உணர்ந்தே அவை புறப்படுகின்றன. கடைசிப் பறவை கண்ணிற்பட்ட பின்னும் இரண்டு வாரம் கலத்தை விட்டுவைத்தால், வடக்கிலிருந்து பிந்தி வரும் பறவைக்கு அது வழிச்சோறு ஆகும். பின்னர்க் கழுவி உலர்த்தி எடுத்து வைக்கலாம். சென்ற ஆண்டு உண்ட தோட்டத்திற்கே மீண்டு வரும் பறவைகள் உண்டு. இளவேனிலில் அவை திரும்புமுன் கலம் பழைய இடத்தில் தொங்குதல் வேண்டும்.