போடாக்ஸ் எந்தச் சுருக்கத்தைப் போக்கும்?

முகம் சுளிக்கும்போது புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் செங்குத்தாக எழும். இழுப்பது தசை, மடிவது தோல். போடாக்ஸ் ஊசி அடக்குவது தசையைத்தான்: அதைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளியேறாமல் தடுக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மீண்டுவிடும், கோடும் திரும்பும். போடாக்ஸ் கொடிய நஞ்சாயிற்றே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் செலுத்துவது மிக நுண்ணிய அளவு. போலி மருந்துக்கும் பயிற்சியில்லாத கைக்கும்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

ஊசியே இளமை தந்துவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. வலக் கன்னத்தைவிட, சன்னலோர இடக் கன்னம் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. ஒரே முகம், ஒரே வயது! கண்ணாடியை ஊடுருவிய புற ஊதா-ஏ கதிர்கள் செய்த சேதம் அது. அதைப் போடாக்ஸ் சரிசெய்யாது. வராமல் தடுக்கச் சன்ஸ்கிரீன் வேண்டும்.