கடலுக்குள் குதித்த குற்றாலம்!

குற்றாலம் எங்கே இருக்கிறது?

"இது என்ன கேள்வி! சின்னப் பிள்ளை கூடச் சொல்லுமே!" என்பீர்கள்.

ஆனால் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பாருங்கள். சில சமயம் அது குற்றாலத்தைத் தூக்கிக்கொண்டு போய், இலங்கைக்கும் அப்பால், வங்கக் கடலின் நடுவில் போட்டுவிடும்! பேரருவியும், ஐந்தருவியும், தென்காசிக் கோபுரமும் கூடவே கடலுக்குள் போய்விடும்!

கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? இல்லை. தவறு அதன் மேல் இல்லை. அதற்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை மனிதர் சொல்ல மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

அது என்ன விஷயம்? அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வயலுக்கும், வீட்டு மனைக்கும் நல்லது. பக்கத்து வீட்டுக்காரரோடு வரக்கூடிய ஒரு பெரிய சண்டையே நின்றுபோகும்!

மூன்று கேள்விகள்

தென்காசிக்காரரிடம் குற்றாலத்துக்கு வழி கேளுங்கள். "தென்மேற்கே போங்கள்" என்பார்.

செங்கோட்டைக்காரரிடம் கேளுங்கள். "தெற்கே போங்கள்" என்பார்.

இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால், செங்கோட்டைக்காரர் சொன்ன வழியைக் கேட்டுக்கொண்டு தென்காசியில் இருந்து புறப்பட்டால் என்ன ஆகும்? அருவிக்குப் போய்ச் சேர மாட்டோம்!

ஆகவே, ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

எங்கே இருந்து? எந்தத் திசையில்? எந்த அளவில்?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால், அதுதான் ஓர் "ஆயத்தொலை முறை". பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தோமே, அதே கணக்குதான். குறுக்கே ஓர் எண். நெடுக்கே ஓர் எண். இரண்டும் சேர்ந்தால் ஓர் இடம்.

பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தையே பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து இத்தனை மீட்டர் மேற்கு, இத்தனை மீட்டர் தெற்கு என்று எண்ணினால் குற்றாலம் வந்துவிடும். இப்படி நாமே ஏற்படுத்திக்கொள்ளும் கணக்குக்குச் "சொந்த ஆயத்தொலை முறை" என்று பெயர்.

சங்கிலி பிடித்த துரை

இந்தக் கணக்கு நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்கியது சென்னையில்தான்.

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, 100 அடி நீள இரும்புச் சங்கிலியோடு வந்து நின்றார். தரையில் ஒரு நேர்கோடு அளந்தார். கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல். அளக்க ஆன நாட்கள் 57!

ஏன் இவ்வளவு நாள்? வெயிலில் இரும்பு நீளும். குளிரில் சுருங்கும். அதை எல்லாம் கணக்கில் சேர்த்து, அங்குலம் அங்குலமாக அளந்தார்கள்.

ஒரு கோட்டின் நீளம் சரியாகத் தெரிந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளில் இருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு மலையைப் பார்த்து, கோணத்தை அளக்கலாம். முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துவிடலாம்.

மலை இல்லாத தஞ்சைச் சீமையில் என்ன செய்தார்கள்? கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள்! 1808-ம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது! கருவி மோதி நசுங்கிப் போயிற்று. லாம்டன் மனம் தளரவில்லை. அதைப் பழுது பார்த்து மறுபடியும் அளக்கப் புறப்பட்டார்.

அந்த முக்கோண வலை குமரிமுனைப் பக்கம் வரை போயிற்று.

இரண்டு உருண்டைகள்

லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வந்தார். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் இவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

பூமி சரியான பந்து அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை? நம் நாட்டுக்குப் பொருந்தும்படி எவரெஸ்ட் ஓர் உருண்டையைக் கணக்கிட்டு, 1830-ல் வெளியிட்டார். மத்தியப் பிரதேசத்தில் உள்ள கல்யாண்பூர் என்ற இடத்தை ஆதாரப் புள்ளியாக வைத்தார்கள். இந்தியாவின் பழைய வரைபடங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் பிறந்தவை.

இன்று உங்கள் செல்போனுக்கு இடம் காட்டும் செயற்கைக் கோள்களோ வேறு உருண்டையை வைத்திருக்கின்றன. அது உலகம் முழுவதற்கும் பொதுவானது. எவரெஸ்ட் உருண்டையை விட அதன் பூமத்தியரேகை ஆரம் சுமார் 860 மீட்டர் அதிகம். 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு, பொதுமக்களுக்கான அரசு வரைபடங்களும் இந்த உலகக் கணக்குக்கு மாறின.

பழைய படத்தில் உள்ள எண்ணை அப்படியே புதிய படத்தில் வைத்தால் என்ன ஆகும்? தென்காசிப் பக்கத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போகும். ஏறக்குறைய ஒரு பர்லாங்!

ஒரு பர்லாங் என்றால் அருவிக்கரை காட்டுக்குள் போகலாம். கிணறு சாலைக்கு வரலாம்!

குற்றாலம் கடலில் விழுந்தது எப்படி?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்க முடியாது. ஆரஞ்சுப் பழத் தோலைப் பலகையில் அழுத்திப் பாருங்கள். கிழியும்! அதனால் பூமியை ஆரஞ்சுச் சுளை போல 60 பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் ஆறு டிகிரி அகலம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூஜ்யம், தனிக் கணக்கு.

தமிழ்நாட்டுக்கு வந்த சோதனை என்ன தெரியுமா? இரண்டு பட்டைகள் சேரும் 78 டிகிரிக் கோடு நம் மாநிலத்தின் நடுவே போகிறது! தென்காசியும் குற்றாலமும் 43-ம் பட்டை. மதுரையும் சென்னையும் 44-ம் பட்டை. தென்காசியில் இருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், திருமங்கலத்துக்கு அருகே இந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். கோடு கண்ணுக்குத் தெரியாது. கண்டக்டர் விசில் ஊத மாட்டார்!

ஆனால் கம்ப்யூட்டருக்கு அது பெரிய கோடு. 43-ம் பட்டையில் அளந்த குற்றாலத்தின் எண்களைக் கொடுத்துவிட்டு, "இது 44" என்று தவறாகச் சொல்லிவிட்டால், அது சொன்னபடி செய்யும். ஆறு டிகிரி கிழக்கே, அதாவது 650 கிலோமீட்டருக்கு மேல், குற்றாலத்தைத் தள்ளிவிடும். அங்கே இருப்பது வங்கக் கடல்!

இந்தத் தொல்லை தீர ஒரு வழி உண்டு. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே கணக்கு! உலகில் உள்ள ஆயத்தொலை முறைகளுக்கு எல்லாம் எண் கொடுத்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. அதன் எண் 7785.

வேண்டுமானால் நீங்களே சொந்தக் கணக்கு ஏற்படுத்தலாம். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பூஜ்யம் எங்கே, அளவு மீட்டரா அடியா, எந்த உருண்டை என்று எழுதிக் கொடுத்தால் போதும். பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளும். மற்றக் கணக்குகளில் உள்ள படங்களையும் உங்கள் கணக்குக்கு மாற்றிக் காட்டும்.

ஒவ்வொரு வயலும் ஓர் உலகம்

இந்தச் சொந்தக் கணக்கு புதுமை என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே ஒன்று இருக்கலாம்!

பட்டாவோடு வைத்திருக்கும் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம் உண்டு. நிலத்தின் எதிர் எதிர் மூலைக் கற்களைச் சேர்த்து ஒரு நீண்ட கோடு இருக்கும். சர்வேயர்கள் அதை "ஜி லைன்" என்பார்கள். அந்தக் கோட்டில் இத்தனை தூரம் நடந்து, வலப்பக்கமோ இடப்பக்கமோ இத்தனை தூரம் போனால் அடுத்த கல். இப்படித்தான் வயலின் எல்லா மூலைகளும் அளக்கப்பட்டன.

அந்த வயலுக்குப் பூஜ்யம், அந்த வயலின் கல்லேதான்! அட்சரேகை கிடையாது. தீர்க்கரேகை கிடையாது.

பழைய படங்களில் அளவு மீட்டரும் அல்ல. சங்கிலி! ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பிறகுதான் ஹெக்டேரும் ஏரும் வந்தன.

செங்கோட்டையின் கதை இன்னும் வேடிக்கை. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் அந்த மண்ணின் கணக்கு திருவிதாங்கூர்க் கணக்கு! பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் கல் மாறவில்லை.

அண்ணன் தம்பி சண்டை

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா விட்டுப்போன நிலம். அண்ணனுக்கு மேற்குப் பாதி. தம்பிக்குக் கிழக்குப் பாதி. நடுவில் ஒரு வரப்பு.

ஒருநாள் தம்பியின் மகன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். புலப்படத்தைப் போட்டோ பிடித்து, செயற்கைக் கோள் படத்தின் மேல் ஒட்டி வைத்திருக்கிறான்.

"அப்பா! பெரியப்பா நம் நிலத்தில் ஆறு மீட்டர் உள்ளே வந்திருக்கிறார்!"

அவ்வளவுதான். பேச்சு நின்றது. பொங்கலுக்குப் போக்குவரத்து நின்றது. வக்கீல் வீட்டு வாசலில் செருப்புத் தேய்ந்தது!

உண்மையில் வரப்பு நகரவில்லை. படம் நகர்ந்திருந்தது! வயலின் கணக்கையும் உலகக் கணக்கையும் கண் மதிப்பில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். செல்போன் காட்டும் புள்ளியே, திறந்த வானத்தின் கீழ் சுமார் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கலாம். மலையும் மரமும் வானத்தை மறைக்கும் குற்றாலப் பக்கத்தில் இன்னும் அதிகம் தள்ளலாம்.

சரியான வழி என்ன?

முதலில், நிலத்தில் அசையாமல் இருக்கும் இரண்டு சர்வே கற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நில அளவைக்கு உரிய கருவியால் அவற்றின் இடத்தை அளக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறை நிரந்தர ஆதார நிலையங்கள் அமைத்திருக்கிறது. அவற்றின் உதவியோடு அளந்தால் பிழை சில சென்டிமீட்டர்தான்.

இரண்டு கற்கள் கிடைத்தால் படத்தை நகர்த்தலாம், திருப்பலாம், அளவைச் சரி செய்யலாம்.

பிறகு மூன்றாவது கல் ஒன்றைப் பாருங்கள். படத்தில் அது விழும் இடமும், நிலத்தில் அது இருக்கும் இடமும் ஒன்றானால் கணக்கு சரி. ஒன்றாகவில்லை என்றால், எங்கோ தவறு. மூன்றாவது கல்தான் சாட்சி!

கல்லைக் காப்பாற்றுங்கள்

பட்டாவையும் புலப்படத்தையும் இப்போது அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எல்லையில் சந்தேகம் என்றால், கட்டணம் கட்டி, சர்வேயர் வந்து அளக்க விண்ணப்பிக்கலாம். அவர் அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரும் கூட நிற்கட்டும். செல்போன் படத்தை நம்பிச் சுவர் எழுப்ப வேண்டாம். சண்டைக்கும் போக வேண்டாம்.

இன்னொன்று. நில அளவை, எல்லைகள் பற்றிய சட்டம் 1923-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி சர்வே கற்களைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு நிலத்துக்காரருக்கும் உண்டு. உழும்போது இடறுகிறது என்று கல்லைப் பிடுங்கி ஓரத்தில் போடுகிறார்கள். துணி துவைக்கக் கொண்டுபோகிறவர்களும் உண்டு!

அது வெறும் கல் அல்ல. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோளின் கணக்கையும், தாத்தா காலத்துச் சங்கிலிக் கணக்கையும் சேர்த்து முடிச்சுப் போடும் இடம் அந்தக் கல்தான்.

அது இருந்தால், கடலில் விழுந்த குற்றாலத்தைக் கூடக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரிந்த அண்ணன் தம்பியும் ஒரே வரப்பில் உட்கார்ந்து மோர் குடிக்கலாம்!