கற்பிட்டிக் காற்றும் கிடுகுக் கூரையும்

கற்பிட்டிக் குடாநாட்டில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஓயாமல் அடிக்கும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்குவதற்கென்றே அந்த மாதங்களில் வெளிநாட்டார் வருகிறார்கள். அதே காற்றில்தான் மீனவர் வாடிகளும் கிடுகுக் கூரையோடு நிற்கின்றன.

கற்பிட்டி இருக்கும் புத்தளம் தென்னை நாடு, ஓலைக்குப் பஞ்சமில்லை. விழுந்த ஓலையின் மட்டையை அடியிலிருந்து நுனிவரை இரண்டாகப் பிளந்து, சில நாள் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். களப்பின் உவர்நீரும் ஆகும். ஊறிய ஓலை ஒடியாமல் வளையும்; பூச்சியும் எளிதில் அண்டாது. பிறகு நிலத்தில் குந்தியிருந்து, ஒன்றை மேலே, அடுத்ததைக் கீழே என்று கோத்துப் பின்னி, ஓரத்தை முடிந்துவிடுவார்கள்; அதுதான் கிடுகு. பழகிய கைக்குச் சில நிமிட வேலை. பழகாத கைக்கு இரண்டாம் வரியிலேயே கோணிப்போகும்.

வேய்வது தாவாரத்தில் தொடங்கி முகட்டில் முடியும். கீழ்வரிசையின் பெரும்பகுதியை மேல்வரிசை மூடுவதால், எங்கே தொட்டாலும் பல அடுக்கு இருக்கும். மழை மேலடுக்கை நனைத்து, ஓலை நுனி வழியே இறங்கி ஓடிவிடும். சாய்வு குறைந்தால் தண்ணீர் தங்கும், ஒழுகும், ஓலை உக்கும். இங்கிலாந்துக் கிராமங்களின் செங்கல் வீடுகளிலும் இதே விதிதான். அங்கே நாணலையோ வைக்கோலையோ தடிப்பாக அடுக்கி, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வேய்கிறார்கள். நல்ல நாணற் கூரை பல பத்தாண்டு தாங்கும். கிடுகோ ஓரிரு ஆண்டுதான்.

ஆனால் மெல்லிய கூரைக்கு மெல்லிய கப்பும் வளையும் போதும். அதன் இடுக்குகளில் காற்றுக் கொஞ்சம் கசிவதால், கூரையைத் தூக்கும் விசையும் குறைகிறது. மேலே மட்டைகளை வைத்து இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

கிடுகுக் கூரையை அழகென்று மட்டும் பேசுவது அநியாயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்கு வந்து, கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். உக்கிய கிடுகை மாற்றக் காசில்லாதவனுக்கு மாரி வந்தால் தூக்கமில்லை. தீப்பொறி ஒன்று பட்டாலும் முழுக்கூரையும் போய்விடும்.

அதனால் பலர் தகரத்துக்கும் கல்நார்த் தகட்டுக்கும் மாறிவிட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நண்பகலில் தகரத்தின் கீழ் இருக்க முடியாமல் தவிப்பவர்கள், அடுப்புப் பக்கத்தை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் தகரத்தின் மேல் கிடுகு பரப்பிக் கட்டிப் பாருங்கள். உள்ளே வெக்கை குறையும்.