தண்ணீர் இருந்தும் தோற்ற பருத்தி

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லி பகுதியில் உள்ள சிற்றூர் குனுனுரா. மாநிலத் தலைநகர் பெர்த்திலிருந்து சாலை வழியாக 3,000 கி.மீ.க்கும் அதிக தூரம். வறண்ட புல்வெளிகளையும் செந்நிறப் பாறைக் குன்றுகளையும் கடந்து இவ்வூருக்குச் செல்பவர்களை, பாசனக் கால்வாய்களும் மாந்தோப்புகளும் வரவேற்கின்றன.

இங்கு ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் மழை. அந்த நீரைப் பாசனத்துக்குத் திருப்ப ஓர்டு ஆற்றில் 1963-ல் தடுப்பணை கட்டப்பட்டது. 1972-ல் பெரிய அணை திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கமான ஆர்கைல் ஏரியில் மிரிவூங் பழங்குடியினரின் பூர்வீக நிலங்கள் மூழ்கின.

தொடக்க காலத்தில் இங்கு முக்கியப் பயிர் பருத்தி. களிமண் நிலம், ஆற்றுப் பாசனம், நல்ல வெயில் என எல்லாம் இருந்தன. ஆனால், காய்ப்புழுவின் தாக்குதல் கடுமையாக இருந்தது. டி.டி.டி. மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்ததில், புழு அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. தெளிப்புச் செலவு கட்டுப்படியாகாமல், 1974-ல் பருத்தி சாகுபடி கைவிடப்பட்டது. பெரிய அணை திறந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பின்னர் முலாம்பழம், மா, மக்காச்சோளம், சியா போன்ற பயிர்கள் வந்தன. நம் நாட்டுச் சந்தன மரமும் துணை மரங்களுடன் தோட்டமாக வளர்க்கப்படுகிறது. காய்ப்புழுவைத் தாங்கும் மரபணு மாற்றப்பட்ட ரகங்களின் துணையோடு பருத்தியும் திரும்பியுள்ளது.

அதே காய்ப்புழு நம் வயல்களிலும் உண்டு. இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் கண்காணித்து, சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்தடிக்க வேண்டும். ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளிக்கக் கூடாது.