எடுப்பு தவறியதா, காலம் ஓடியதா?

தவில்காரரின் கழி இன்னும் மேலேயே நிற்கிறது. அடி விழுந்த சத்தம் அதற்குள் கேட்டுவிடுகிறது. செல்போனில் எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்த கல்யாண வீடியோவிலும் கோயில் புறப்பாட்டு வீடியோவிலும் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. மற்ற ஊர்களில் சிரித்துவிட்டுப் போகலாம். திருவாரூரில் அப்படி விட முடியாது. சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர், தீட்சிதர் மூவரும் 1762 முதல் 1775 வரையிலான ஆண்டுகளில் பிறந்த ஊர் இது. பஞ்சமுக வாத்தியமும் பாரி நாயனமும் ஒலிக்கிற கோயில் இங்கே இருக்கிறது. இன்றைக்குத் தவில் கற்கும் பிள்ளைகள் குருவிடம் கேட்டது போக, மீதியைச் செல்போனில் பார்த்துத்தான் பழகுகிறார்கள். விரல் ஓரிடத்திலும் சொல் ஓரிடத்திலும் விழுந்தால் அவர்கள் எதைப் பிடிப்பார்கள்?

இந்தக் கோளாறைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, ஆடியோவைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பது. நோய் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கிற வேலை அது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இரண்டு சொற்கள் தெரியும்: எடுப்பு, காலப்பிரமாணம். பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது எடுப்பு. தொடங்கிய வேகம் கடைசிவரை நிற்கிறதா என்பது காலப்பிரமாணம். வீடியோவிலும் இந்த இரண்டு கோளாறுகள்தான்.

எடுப்புக் கோளாறு

வீடியோவின் தொடக்கத்தில் ஓர் அடியையும் கடைசியில் ஓர் அடியையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் அது எடுப்புக் கோளாறு. போனில் படமும் தனி ரெக்கார்டரில் ஒலியும் எடுக்கும்போது, இரண்டையும் ஒரே நொடியில் தொடங்க யாராலும் முடியாது. எடிட்டிங் செயலியில் ஒலியைப் படத்திலிருந்து பிரித்து, தேவையான அளவு நகர்த்தினால் தீர்ந்தது. கணினியில் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள், போனில் பதிந்த ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் அலைவடிவத்தால் ஒப்பிட்டுத் தாமாகவே பொருத்திவிடும். அதனால் போனின் ஒலி மோசமாக இருந்தாலும் அதை அணைத்துவிடாதீர்கள். பொருத்துவதற்கு அதுதான் சாட்சி.

தொலைவாலும் இதே கோளாறு வரும். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். விநாடிக்கு 30 பிரேம் என்றால், மேளத்திலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்றாலே ஒரு பிரேம் தாமதம். கீழவீதியின் ஒரு கோடியிலிருந்து, மறு கோடியில் வரும் கோயிலின் ஆழித் தேரை ஜூம் போட்டு எடுத்தால் சொல்லவே வேண்டாம். ஜூம் படத்தைத்தான் பக்கத்தில் இழுக்கும், ஓசையை இழுக்காது. கோயில் குளமான கமலாலயம் ஐந்து வேலி என்பார்கள், அதாவது சுமார் 33 ஏக்கர். ஏறக்குறைய சதுரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கரையில் அடித்த மேளம் எதிர்க்கரைக்கு வர ஒரு விநாடி ஆகும்.

இப்படிப் பிந்தி வரும் ஓசைக்கு நம் காது பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது. முந்தி வரும் ஓசை இயற்கையில் கிடையாது. ஒளிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வகுத்த பரிந்துரையும் இதையே சொல்கிறது: ஒலி 125 மில்லி விநாடி பிந்தினால்தான் மனிதர் கண்டுபிடிக்கிறார், முந்தினாலோ 45 மில்லி விநாடியிலேயே பிடித்துவிடுகிறார். சங்கீதத்தில் தாளத்துக்குப் பிந்தித் தொடங்கும் அனாகத எடுப்பும் உண்டு, முந்தித் தொடங்கும் அதீத எடுப்பும் உண்டு, இரண்டும் அழகு. வீடியோவில் அதீதம் ஆகாது.

அந்த அதீதத்தை நாமே வரவழைப்பதும் உண்டு. புளூடூத் இயர்போன் ஒலியைப் பத்தில் ஒரு விநாடியோ அதற்கு மேலுமோ தாமதமாகத் தரலாம். அதை மாட்டிக்கொண்டு எடிட் செய்கிறவர், சரியாக இருக்கும் ஒலியைப் பிந்தியதாக நினைத்து முன்னால் தள்ளிவிடுவார். எடிட்டிங்குக்கு வயர் வைத்த இயர்போனே உத்தமம்.

காலப்பிரமாணக் கோளாறு

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் நகர்த்திப் பயனில்லை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு, இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரக் கச்சேரியில் 0.18 விநாடி, அதாவது ஐந்து பிரேம் விலகும். தொடக்கத்தையும் முடிவையும் பொருத்திவிட்டு, ஒலியின் நீளத்தை அந்த அளவுக்கு மட்டும் நீட்டவோ குறைக்கவோ வேண்டும். சுருதியில் ஏற்படும் மாற்றம் எந்தக் காதுக்கும் எட்டாது.

விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த ஒலியை 48,000 என்று கணக்கிட்டு ஓட்டினால் சங்கதி வேறு. பத்து நிமிடப் பாட்டு 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். இங்கே தாய் தந்தை இருவருமே காலி. எல்லாக் கருவிகளிலும் 48,000 என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

செல்போனுக்கே உரிய வியாதி இன்னொன்று. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, விநாடிக்கு 30 என்றிருந்ததை 24, 25 ஆக்கிவிடும். சூடேறினாலும் தடுமாறும். ஒலியோ ஒரே சீராக ஓடும். பிரேம்களைச் சமமாக எண்ணுகிற எடிட்டிங் மென்பொருளில் ஓரிடத்தில் இழுக்கும், ஓரிடத்தில் ஓடும். இதற்கு எடிட் செய்யுமுன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வதே வழி. எடுக்கும்போதே பிளாக்மேஜிக் கேமரா போன்ற செயலியில் பிரேம் வேகத்தைப் பூட்டிவைத்தால் தொல்லை பெருமளவு குறையும்.

சினிமாக்காரர்கள் கிளாப் அடிப்பது படமும் ஒலியும் சேரும் புள்ளிக்காகத்தான். நம் மேளத்தில் அந்தக் கிளாப் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நாகஸ்வரக் குழுவில் தாளம் போடுகிறவரின் கைத்தாளம் மோதும் கணம் கண்ணுக்கும் தெரியும், அலைவடிவத்தில் ஊசி போலவும் எழும். கச்சேரி தொடங்குமுன் கேமராவைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். இதைப் பலரும் செய்கிறார்கள். மங்களம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்குமுன் இன்னொரு தட்டு வேண்டும். அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதல் தட்டு எடுப்பைச் சொல்லும். நடுவில் காலம் ஓடியதா என்று சொல்வது கடைசித் தட்டு. முடிவில் வாசிக்கும் தீர்மானம் தாளத்தின் தொடக்கமான சமத்தில் விழுந்தால்தானே தவில்காரர் கணக்கு சரி என்கிறோம்?