காமிரா கண்டது, கண்கள் காணவில்லை

1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மீதும் இரத்மலானை மீதும் குண்டு பொழிந்த கதையைப் பம்பலப்பிட்டியில் வளர்ந்த பலரும் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பர். அதற்கு முதல் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா விமானத்திலிருந்து பகைவரின் கடற்படையைக் கண்ட கனேடிய விமானி பேர்ச்சல், கம்பியில்லாத் தந்தியில் உடனே எச்சரித்தார். சிறிது நேரத்தில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

சரியாக ஈராண்டுகளின் பின், 1944 ஏப்ரல் 4ஆந் திகதி, தென்னாபிரிக்க விமானப்படையின் மொஸ்கிட்டோ விமானமொன்று போலந்தின் மீது பறந்தது. மொனோவிற்ஸ் என்னுமிடத்தில் ஜெர்மானியர் அமைத்த செயற்கை இறப்பர்த் தொழிற்சாலையே அதன் நோக்கு. காமிரா இலக்கை அடையுமுன்னரே ஓடத் தொடங்கும். இலக்கைக் கடந்த பின்னும் ஓடும். அதனால் அயலிலிருந்த அவுஷ்விற்ஸ் முகாமும் படச்சுருளில் விழுந்தது. ஏறக்குறைய பதினொரு இலட்சம் மக்கள், பெரும்பாலும் யூதர்கள், கொல்லப்பட்ட இடம் அது. படங்களை ஆராய்ந்தோருக்கு இடப்பட்ட பணியோ தொழிற்சாலையைப் பார்ப்பது. அதையே பார்த்தனர்.

அதே வாரத்தில் வ்ர்பா, வெற்ஸ்லர் என்னும் இரு யூதக் கைதிகள் அம்முகாமில் மரக்குவியலொன்றினுள் மூன்று நாள் ஒளிந்திருந்து தப்பினர். நச்சுவாயு அறைகள் எங்குள்ளன, எவ்வாறு இயங்குகின்றன என்று அவர்கள் கூறிய விவரம், வரைபடங்களுடன், அவ்வாண்டே மேனாட்டு அரசாங்கங்களுக்கு எட்டியது. படம் பார்ப்போரின் மேசைக்கு மட்டும் அது வரவில்லை!

படச்சுருள்கள் முப்பத்துநான்கு ஆண்டுகள் உறங்கின. 1978இல் யூதப் படுகொலை பற்றிய தொலைக்காட்சி நாடகமொன்று அமெரிக்காவில் காட்டப்பட்டது. அதனால் தூண்டப்பெற்ற புருஜியோனி, புவாரியே என்னும் இரு உளவுத்துறை நிபுணர்கள் சுருள்களைத் தேடியெடுத்துப் பெருப்பித்து நோக்கினர். 1944 ஆகஸ்டு 25ஆந் திகதிப் படத்தில் புகைவண்டிப் பெட்டிகள் நின்றன. மனிதர் வரிசையொன்று எரிகூடத்தின் திசையில் நடந்து கொண்டிருந்தது. எறும்புச் சாரி போன்ற அப்புள்ளிகள் மனிதர்கள் என்றும், எங்கே செல்கிறார்கள் என்றும் அவர்களால் அறிய முடிந்தமைக்குக் காரணம், தப்பியோர் சொன்ன சாட்சியமே. படம் தனியே பேசுவதில்லை. வேண்டுமென்றே திரித்துப் படிப்போரும் பின்னர் தோன்றினர்.

நம் நாட்டிலும் இதற்கொப்பானதொன்று உண்டு. 2009 மே 6ஆந் திகதியும் 10ஆந் திகதியும் முள்ளிவாய்க்கால் கரையோரத்தைச் செய்மதிகள் படம் பிடித்தன. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தார் இரண்டையும் ஒப்பிட்டனர். முதற் படத்திலிருந்த கூடாரங்கள் பல அடுத்ததில் இல்லை. மணலில் குண்டுக் குழிகள் தெரிந்தன. கூடாரங்களில் இருந்தோர் யாவர், எங்கே போயினர் என்பதைச் செய்மதி சொல்லவில்லை. மீண்டு வந்தோரே சொல்ல வேண்டியிருந்தது.

இம்முறை ஆய்வு வெளிவர முப்பத்துநான்கு ஆண்டுகள் செல்லவில்லை. சில நாட்களே சென்றன. அம்மாதம் 18ஆந் திகதி யுத்தம் முடிந்தது.