முன் ஆசனமும் பின் ஆசனமும்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நார்த்தாமலைப் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பார்கள். மொட்டைப் பாறைக்கு மேலே ஒரு பருந்து சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்துகொண்டே போகும். காய்ந்த பாறை தன்மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலே கிளம்புகிறது. பருந்து அதன்மீது சவாரி செய்கிறது. யந்திரமில்லாத விமானமாகிய கிளைடர் செய்வதும் இதே வித்தைதான்.

புனேக்கு அருகே ஹடப்சரில் 1950-ல் ஏற்பட்ட அரசாங்கக் கிளைடர் நிலையத்தைப் பற்றிப் படித்த மாணவன் ஒருவன், தானும் எங்கேயாவது போய் அந்த வித்தையைக் கற்கவேண்டுமென்று பிடிவாதமாய் நிற்கிறான். அவன் தகப்பனார் அரிசி மண்டி வைத்திருப்பவர். “ஸார், மோட்டார் இல்லாத விமானத்தில் பிள்ளையை ஏற்றலாமா?” என்று என்னிடம் கேட்டார். “எந்த விமானம், கூட உட்காருகிறவர் யார் என்று முதலில் விசாரியுங்கள்” என்றேன்.

ஜெர்மனியில் 1920-ம் ஆண்டு வாசர்குப்பே குன்றில் இக்கலை வளரத் தொடங்கியபோது, மாணவன் தனியாகவே பறந்தான். ஆசிரியர் தரையில் நின்று கூவுவார். அது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, ஈசுவரனுக்கே வெளிச்சம்! இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகே, ஆசிரியரும் மாணவனும் சேர்ந்து பறக்கும் இரட்டை ஆசனக் கிளைடர் எங்கும் வழக்கமாயிற்று.

நம் நாட்டு விமான இலாகா இவ்விஷயத்தில் பிறர் கையை எதிர்பார்த்திருக்கவில்லை. எஸ். ராமாமிருதம் வகுத்த திட்டப்படி 1958-ல் ‘அசுவினி’ பறந்தது. 1961-ல் ‘ரோகிணி’ பறந்தது. பஞ்சாங்கத்திலிருந்தே பெயர் எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். அசுவினியில் ஒருவர் பின் ஒருவர். ரோகிணியில் பக்கத்தில் பக்கத்தில். பக்கத்திலிருந்தால் மாணவனின் முகத்தையும் கையையும் ஆசிரியர் பார்க்கலாம். பயந்த பிள்ளைக்கு அது பெரிய தைரியம். ஆனால் உடல் அகன்றுபோவதால் காற்றின் தடை அதிகம். முன்பின் ஆசனத்திலோ மாணவன் விமானத்தின் நடுக்கோட்டில் உட்காருகிறான்; பின்னால் தனி ஆசன விமானத்துக்கு மாறும்போது பார்வை புதிதாயிராது.

சாதுவான விமானமே நல்லதென்று நினைத்தால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனியின் ஏ.எஸ்.கே. 21 மிகச் சாது. வேகம் குறைந்து சுழன்று விழும் அபாயத்தை அது எளிதில் காட்டாது. அதைக் கற்பிக்க வாலில் எடை கட்டவேண்டியிருக்கிறது. வயதையும் பார்க்கவேண்டும். உலகமெங்கும் பயிற்சிக்குப் பயன்பட்ட செக்கோஸ்லோவாக்கியாவின் பிளானிக் எல்-13 ஒன்று, 2010-ல் ஆஸ்திரியாவில் இறக்கை ஒடிந்து விழுந்தது. உலோகத்தில் ஏற்பட்ட களைப்பே காரணம்.

ஆசிரியரின் தகுதிக்கு, எத்தனை மணி பறந்தார் என்ற கணக்கு மட்டும் போதாது. பின் ஆசனத்தில், மாணவனின் தலை முன்னே மறைக்க, பேசிக்கொண்டே செவ்வையாய் இறக்கத் தெரியவேண்டும். உயரே இருக்கையில் மாணவன் தவறு செய்தால், கை பரபரத்தாலும் கோலைத் தொடாமல் அவனே திருத்தும்வரை பொறுக்கவேண்டும். தரையருகே அந்தப் பொறுமை கூடாது. இழுத்தேற்றும் கயிறு நடுவில் அறுந்தால் உடனே மூக்கைத் தாழ்த்தவேண்டும். அதைப் பழக்குவதற்காக ஆசிரியரே சொல்லாமல் கயிற்றைக் கழற்றிவிடுவதுண்டு. எந்த உயரத்தில் கழற்றலாம், எந்த உயரத்தில் கூடாது என்பதில் ஆசிரியரின் யோக்கியதை தெரிந்துவிடும். வகுப்பில் இருபது வருஷம் நின்ற எனக்கே, பிள்ளை தப்பாகக் கணக்குப் போடும்போது சாக்குக்கட்டியைப் பிடுங்காமலிருக்க முடிவதில்லை!

இன்னொன்றும் சொன்னேன். முன் ஆசனத்தில் உட்காருகிறவருக்குக் குறைந்தபட்ச எடை உண்டு. பல கிளைடர்களில் அது எழுபது கிலோவை ஒட்டியது. குறைந்தால் மூக்கு இலேசாகி விமானம் சொன்னபடி கேளாது. ஈயக்கட்டி வைத்து ஈடுசெய்யவேண்டும். மண்டிக்காரர் அன்றே பையனைத் தராசில் ஏற்றினார். நாற்பத்தாறு கிலோ!

“ஈயத்தை யார் கட்டுவார்கள் ஸார்?” என்றார்.

“ஆசிரியர் கட்டுவார். கட்டியபின் ஆட்டிப் பார்க்கிறாரா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்” என்றேன்.